நேர்க்கோட்டுத் தூரம்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மதியம் ஒரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் எழுந்திருக்க ஐந்து மணியாகிவிடும். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாங்கள் வட கிள்ளானில் குடியிருந்தோம். டயாலிசிஸ் மையம் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. அதன் பெரிய பலகைக்குப் பின்னால் மையத்தின் பெயர்ப்பலகை பாதி மறைந்துபோயிருக்கும். தெரிந்தவர்கள்தான் படியேறி வருவார்கள். எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம், இரண்டு தாதிகள், ஒரு தொலைக்காட்சி. அதில் எந்நேரமும் மலாய் நாடகம் ஓடும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை செய்தேன். ஆறு பேர். தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்போம். முதலாளி நல்ல மனிதர். அந்த மூன்று மதியங்களிலும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்து வேலை செய்ய அனுமதித்தார். சனிக்கிழமை எப்படியும் அரை நாள்தான்.

அவள் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வி, வகுப்பு அட்டவணையை மாற்ற முடியுமா என்பதுதான். தலைமையாசிரியர் மாற்றிக் கொடுத்தார். காலையில் வகுப்பு, மதியம் ஊசி. முதல் ஆறு மாதம் அப்படியே ஓடியது.

நாற்காலியில் ஊசி ஏற்றிய அவளுடைய இடது கை அசையக் கூடாது. வலது கை மட்டும் சும்மா இருக்கும். பயிற்சிப் புத்தகம் திருத்தப் பார்த்தாள். ஒரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுத முடியவில்லை. தொலைக்காட்சி பிடிக்காது. ஒருநாள் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஆணிப் பலகை செய்ய முடியுமாங்க?”

வகுப்பில் அவள் ஒரு பலகையில் ஆணிகள் அடித்து, ரப்பர் வளையம் மாட்டிக் காட்டுவாள். எல்லா ஆணிகளையும் வளைத்துப் பிடிக்கும்படி ரப்பரை இழுத்துவிட்டால் அது வெளி ஆணிகளில் மட்டும் சிக்கி நிற்கும். உள்ளே இருக்கும் ஆணிகளைத் தொடாது. அந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பது, கணினியில் வடிவங்களைக் கணக்கிடும் கணிப்பு வடிவியலில் முதல் பாடம். நான் கல்லூரியில் படித்து, தேர்வெழுதி, மறந்துபோன பாடம்.

“செய்யலாம். ஆனா எதுக்கு?”

“பலகையில ஆணியைப் பிடுங்கி வேற இடத்துல அடிக்க முடியல. பிள்ளைங்களுக்கு அதுதான் பார்க்கணும். ஆணி நகர்ந்தா ரப்பர் என்ன செய்யும்னு.”

இரண்டு வாரத்தில் செய்து முடித்தேன். இணையப் பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல். அப்போதுதான் அந்த மாதிரி விஷயங்கள் வரத் தொடங்கியிருந்தன. வெள்ளைச் சதுரத்தில் புள்ளிகள், சுற்றிலும் சிவப்புக் கோடு. புள்ளியை இழுத்தால் கோடு கூடவே நெளிந்து வரும். ஒரு கோப்பு அட்டையை அவள் வயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் மவுஸை வைத்தேன். அவள் ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். எங்கள் பக்கங்கள் எல்லாமே கடைசிவரை ஒரு கையால் இழுத்தால் போதும் என்று அமைந்ததற்குக் காரணம் அந்த நாற்காலிதான்.

ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு, புள்ளிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரே வரிசையில் நிறுத்தினாள். திரை உறைந்துபோனது.

“எல்லாரும் ஒழுங்கா வரிசையில நின்னா உங்க ரப்பர் செத்துப்போவுதே.”

பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர், என்ன ஏது என்று புரியாமலே, அவள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. அவள் அப்படித்தான். நான் எழுதியது எங்கே உடையும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் எங்கே தவறு செய்வார்கள் என்று இருபது வருடம் பார்த்த கண் அது.

இரண்டாவது பக்கம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நிலத்தில் சில புள்ளிகளை வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் புள்ளி அருகில் இருக்கிறது என்று பார்த்து நிலத்தைப் பிரிப்பது. புத்தகத்தில் அதற்கு ஒரு வெளிநாட்டு அறிஞரின் பெயர் இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“பிள்ளைங்க வாயில நுழையாது. குழாய் வட்டாரம்னு வைங்க.”

“என்ன குழாய்?”

“தண்ணிக் குழாய். எங்க தோட்டத்து லயத்துல, வரிசை வீடுங்களுக்கெல்லாம் சேர்த்து நாலு குழாய் இருந்துச்சு. அவங்கவங்க வீட்டுக்கு எது பக்கமோ அங்கதான் போவணும். இந்த வாசல்வரைக்கும் இந்தக் குழாய், அடுத்த வாசல்ல இருந்து அந்தக் குழாய். கோடு யாரும் போடல, ஆனா எல்லாருக்கும் தெரியும். நடுவுல ஒரு வீடு, ரெண்டு குழாயும் சரிசமம். அந்த வீட்டு அக்கா எங்க போனாலும், உன் குழாய் அதுதானே, இங்க ஏன் வர்றேன்னு விரட்டுவாங்க.”

அதையே எழுதச் சொன்னேன். அவள் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். திரையில் நான்கு குழாய்கள். இழுத்தால் எல்லைகள் நகரும். நடுவில் ஒரு வீடு, அது எந்தக் குழாயின் நிறத்துக்குள் விழுகிறதோ அந்த நிறமாக மாறும். சரியாகக் கோட்டின்மேல் நின்றால் சாம்பல் நிறம். அவளுடைய மாணவர்கள் பள்ளிக் கணினி அறையில் அந்த வீட்டைக் கோட்டின்மேல் நிறுத்தப் போட்டி போட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் களைப்பே இல்லை.

அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் எழுத்து சுலபமாகத் தெரியாது. எழுத்துருவை இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகக் கிறுக்கல்தான் வரும். அதனால் அவள் எழுதிய பத்திகளை நான் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டினேன். தமிழில் ஒரு படம், மலாயில் ஒரு படம். தொலைபேசிக் கம்பி வழியாக அது இறங்குவதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிடலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது பக்கம் என் யோசனை. குழாய் புரிந்த பிறகு உண்மையான ஊரைக் காட்டலாமே என்று நினைத்தேன். அவள் தபால் நிலையங்களை வைக்கலாம் என்றாள். நான் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலை வரைபடத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, தபால் நிலையங்களின் பட்டியலைத் தேடாமல், கைக்கு எட்டிய பட்டியலை எடுத்துக்கொண்டேன். மையத்தின் அறிவிப்புப் பலகையில் மற்ற டயாலிசிஸ் மையங்களின் முகவரிகள் ஒட்டியிருந்தன. பதினொன்று. சுங்கை பூலோ பக்கம் ஒன்று, போர்ட் கிள்ளானில் ஒன்று, எங்களுடையது ஒன்று, இப்படி. பதினோரு புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்தேன். உங்கள் வீடு இருக்கும் இடத்தை மவுஸால் தொட்டால் அருகிலுள்ள மையம் ஒளிரும்.

“நம்ம வீட்டுக் கவலைய ஊருக்கெல்லாம் காட்டணுமா?” என்றாள். ஆனால் அவள்தான் அதிக நேரம் அதில் விளையாடினாள். கேரி தீவைத் தொட்டாள், பந்திங் சாலையைத் தொட்டாள், தனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் தொட்டாள். பிறகு கேட்டாள்.

“இது கோடு போட்டு அளக்கிற தூரம்தானே? ரோட்டு வழி இல்லையே?”

“ஆமா. ரோட்டு வழி கணக்குப் போடுறது கஷ்டம் லா. இது பாடத்துக்குத்தானே.”

“அப்ப அத எழுதணும்.”

அவளே எழுதினாள். இங்கே காட்டப்படுவது நேர்க்கோட்டுத் தூரம். சாலை வழித் தூரம் வேறாக இருக்கும். இதை நம்பி மையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று சிறு வாக்கியங்கள், இரண்டு மொழியிலும். நான் படமாக்கிப் பக்கத்தின் அடியில் ஒட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் மதிய உணவு நேரத்தில், ஓர் இணைய மையத்தில் உட்கார்ந்து எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரைபடம் இறங்க நேரம் எடுத்தது. அடியில் இருந்த படங்கள் வந்து சேரும்வரை நிரல் தொடங்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் எழுந்து போய்விட்டார், நான் இன்னும் காத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அடியில் இருந்த அந்த எச்சரிக்கைப் படங்கள் இரண்டையும் எடுத்துவிட்டேன். சின்னதாகச் செய்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நிமிட வேலை. பக்கம் வேகமாகத் திறந்தது. சந்தோஷமாக இருந்தது.

பிறகு சேர்க்கவில்லை. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது போனபோது வேறு வேலை வந்தது. மடிக்கணினியில் இருந்த பிரதியில் அவளுடைய வரிகள் அப்படியே இருந்தன. அவள் எப்போதும் அதைத்தான் பார்ப்பாள். அதனால் அவளுக்குத் தெரியாது.

ஏழெட்டு மாதம் கழிந்திருக்கும். இணையப் பக்கத்தில் அவள் ஆசிரியை என்ற குறிப்போடு கொடுத்திருந்த முகவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். தன் மாமா காப்பார் பக்கம் இருப்பதாகவும், அவர் எங்களை ஒருமுறை பார்க்க விரும்புவதாகவும். காரணம் சொல்லவில்லை. வரைபடத்தைப் பாராட்ட வருகிறார் என்றே நான் நினைத்தேன். மனைவி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். வடை போட்டு வைத்தாள்.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செம்பனை ஆலையில் வேலை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தலை மொட்டையடித்து முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் மனைவி வடைத் தட்டை மேசையில் வைக்காமல் உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எங்கள் வரைபடத்தின் அச்சு. கறுப்பும் சாம்பலுமாக இருந்தது.

“இது நீங்க செஞ்சதுதானே தம்பி?”

“ஆமாண்ணே.”

“என் வீட்டுக்காரிக்கு கிட்னி போச்சு. ஆஸ்பத்திரியில ஒரு பட்டியல் குடுத்தாங்க. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. தங்கச்சி மக கம்ப்யூட்டர்ல பார்த்து இத எடுத்துக் குடுத்துச்சு. எங்க வீட்ட தொட்டா போர்ட் கிள்ளான் சென்டர்தான் பக்கம்னு காட்டுது. அங்கயே சேர்த்தேன்.”

அவருடைய வீடு காப்பார் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில், ஒரு கம்பத்தில், கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருந்தது. அக்கரையில் போர்ட் கிள்ளான். கோடு போட்டால் கிட்ட. ஆனால் போக வேண்டுமென்றால் கிள்ளான் டவுன்வரை வந்து, பாலம் ஏறி, மறுபடி கடல் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டும்.

“தூரமா இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா அண்ணே?” என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“தோணுச்சு டீச்சர். இதுவே பக்கம்னா மத்ததெல்லாம் இன்னும் தூரம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஐந்து மாதம் மோட்டார் சைக்கிளில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போய் வந்திருக்கிறார். மழைக்காலத்தில் ஒருநாள் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முந்தின தடவை டயாலிசிஸுக்குப் போகவில்லை, வெள்ளம். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்தில் ஜாம். வண்டி நகரவில்லை. பாலத்தின்மேலேயே முடிந்துவிட்டது.

இதை அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். சொல்லிவிட்டு, காரியத்துக்கு வந்த ஒருவர் வட கிள்ளானில் டயர் கடை மாடியில் ஒரு சென்டர் இருக்கிறதே, பாலமே ஏற வேண்டாமே என்று சொன்னதையும் சொன்னார்.

“நான் சண்டைக்கு வரல. எனக்கு இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். அவ்வளவுதான். எப்படி அது பக்கம்னு சொல்லுச்சு?”

என் மனைவி மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்து, வகுப்பில் சொல்வது மாதிரி, நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். குழாயில் ஆரம்பித்தாள். இரண்டு குழாய், நடுவில் கோடு. பிறகு வரைபடம். அவர் தன் வீடு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, ஆற்றைத் தாண்டிப் போர்ட் கிள்ளான்வரை மெல்ல இழுத்தார்.

“இங்க பாலம் இல்லையேம்மா.”

“இல்லண்ணே. இதுக்கு ஆறு தெரியாது. நேராத்தான் அளக்கும். அதான் கீழ எழுதியிருக்கோம், இத நம்பாதீங்கன்னு.”

திரையின் அடிக்குப் போய் அந்த வரிகளைக் காட்டினாள். அவர் குனிந்து வாசித்தார். தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு தன் காகிதத்தை எடுத்து அடியைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இதுல அது இல்லையே டீச்சர்.”

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கின் நடுவில் வரி ஒன்று விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்த பார்வை.

“தப்பு எங்க மேலதான் அண்ணே,” என்றாள். “அந்த வரி இல்லாம போயிருக்கக் கூடாது.”

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார். “அந்த டயர் கடை சென்டர்ல இடம் இருந்திருக்குமா? எடுத்திருப்பாங்களா?”

அந்தச் சீனப் பெரியவர் இறந்த பிறகு, இவர் சொன்ன அதே மாதங்களில், பக்கத்து நாற்காலி பல வாரம் காலியாகவே கிடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போகும்போதெல்லாம் தன் பையை அதில்தான் வைப்பாள். நான் அவளைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“இருந்துச்சு அண்ணே,” என்றாள்.

அவர் தலையாட்டினார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, அவளுடைய கையில் ஊசி குத்திய இடத்தில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குமா டீச்சர்?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். “உடம்ப பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எதுக்கு எடுத்தீங்க?”

“பக்கம் மெதுவா வந்துச்சு.”

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே பக்கத்தை நீக்கிவிடுகிறேன் என்றேன்.

“எடுத்துட்டா? எடுத்துட்டா முடிஞ்சிருமா? ரோட்டு வழியா அளந்து போடுங்க. சரியானத போடுங்க.”

அப்படித்தான் நாங்கள் சாலைகளை அளக்கத் தொடங்கினோம். முதலில் அவளுடைய மூன்று வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் பக்கத்தின் தலையில் வைத்தேன். பிறகு டயாலிசிஸ் இல்லாத நாட்களில், பள்ளி முடிந்ததும், நான் அரை நாள் விடுப்பெடுத்து, இருவரும் காரில் கிளம்புவோம். நேர்க்கோட்டுக்குப் பதிலாக ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். நான் ஓட்டுவேன். அவள் பள்ளிக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாள். காப்பார் சாலை, மேரு, பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதே சாலையை விடுமுறை நாள் காலையில் ஒரு முறை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, மழையில் ஒரு முறை. பாலத்தின் மேல் வண்டி நிற்கும்போது அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேரி தீவுக்கும் போனோம். செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், தீவில் தோட்டத்தின் கடைசிப் பிரிவுவரை அளந்தோம். திரும்பும்போது அவள் குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொன்னாள். “இங்க இருந்து எந்தப் புள்ளிக்குப் போனாலும் தூரந்தான். இவங்களுக்குக் கோடு போட்டு என்ன செய்ய?” தீவு முழுவதும் ஒரே நிறமாகத்தான் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்தப் பயணங்கள் அவளைக் களைப்பாக்கின. நான் தனியாகப் போகிறேன் என்றால் கேட்க மாட்டாள். “நீங்க எழுதினா பிறகு சேர்த்துக்கலாம்னு விட்டுடுவீங்க,” என்றாள். இந்த விஷயத்தில் அவள் என்னைக் குத்திப் பேசியது அந்த ஒரு முறைதான். சொன்னதும் தானே வருத்தப்பட்டு, என் தோளில் கை வைத்தாள்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவளுக்கு ஊசி போடும் இடத்தில் கிருமி தொற்றியது. காய்ச்சல் இறங்கவில்லை. மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தாள். நான்காம் நாள் தெளிவாகப் பேசினாள். சுங்கை பூலோ பக்கத்துச் சாலைகள் இன்னும் பாக்கி என்றாள். படிவம் ஐந்து வகுப்பு மாணவர்களின் சோதனைத் தாள் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது, பள்ளியில் கொடுத்துவிடுங்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. பதினோராம் நாள் காலையில், தாதி விரிப்பு மாற்ற வந்தபோது, அவளுடைய மூச்சு நின்றிருந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், மன்னிக்க நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க, அந்த அண்ணனைக் கேளுங்க என்று சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அல்லது அது நான் எனக்குச் சொல்லிக்கொள்வதாக இருக்கலாம்.

சுங்கை பூலோ பக்கத்துச் சாலைகளை நான் தனியாக அளந்தேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு எழுத முடியாமல், ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டியை ஓரமாக நிறுத்தி நிறுத்திக் குறித்தேன். அவளுடைய குறிப்பேட்டில் அவள் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுத மனம் வரவில்லை. வேறு நோட்டு வாங்கினேன். நான்கு மாதத்தில் சாலை வழி வரைபடம் தயாரானது. நிலம் இப்போது நேரான கோடுகளால் பிரியவில்லை. நிறங்கள் சாலைகளோடு நீண்டு, ஆற்றங்கரையில் வந்து நின்றுவிட்டன. கல்லூரி ஒன்றில் அதை விளக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார்கள். அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். அவருடைய தங்கை மகள் முன்பே மின்னஞ்சலில் வழி சொல்லியிருந்தாள். பலகை வீடு, முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். அவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். “அண்ணே, அந்த வரிய எடுத்தது நான். டீச்சருக்குத் தெரியாது. அன்னிக்கு எங்க மேல தப்புன்னு அவங்க சொன்னது எனக்காகச் சொன்னது. அவங்க தப்பு இல்ல.”

அவர் நாற்காலி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

“யாரு எடுத்தா என்ன தம்பி. அந்த வரி இருந்திருந்தாலும் நான் படிச்சிருப்பேனான்னு எனக்கே தெரியல. தங்கச்சி மக காட்டுன புள்ளியத்தான் பார்த்தேன். நானும் அத நெனச்சு நெனச்சுப் பார்க்கிறேன். ஒரு நாள் படிச்சிருப்பேன்னு தோணுது. ஒரு நாள் மாட்டேன்னு தோணுது.” பிறகு, “உக்காருங்க. டீச்சர் எப்படி இருக்காங்க?” என்றார்.

அவருக்குச் செய்தி தெரிந்திருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். எந்த மாதம் என்று கேட்டார். எந்த மருத்துவமனை என்று கேட்டார். கஷ்டப்பட்டாங்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இந்தக் கேள்விகளை எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் இப்படி வரிசையாகக் கேட்டதில்லை. அவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

“அன்னிக்கு இடம் இருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல,” என்றார். “வீட்டுக்கு வந்து அவங்க மேல எனக்கு ரொம்பக் கோபம். இல்லன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேன்னு. இப்ப அந்தக் கோபம் இல்ல.”

சாப்பிட்டுப் போகச் சொன்னார். மறுத்தும் விடவில்லை. தானே சமைத்திருந்தார். மீன் குழம்பு, முட்டைக்கோஸ். சமைக்கக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது, ருசி பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வரைபடத்தின் புதிய அச்சு என் காரில் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் சில முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மழையைப் பற்றியும், ஆலை வேலையைப் பற்றியும், எந்த மீன் எந்தப் பாசாரில் நன்றாகக் கிடைக்கும் என்பதைப் பற்றியும் பேசுவோம்.